கம்பியை வடக்குத் தெற்காகக் கட்டுங்கள்

யாழ்ப்பாணத்து வடமராட்சியில் உள்ள நெல்லியடிச் சந்தியிலிருந்து தெற்கே ஒரு கோடு இழுத்தால் கொழும்பு ஏறக்குறைய 320 கிலோமீற்றர். வடக்கே இழுத்தால் கடல் தாண்டிச் சென்னை 365 கிலோமீற்றர். இரண்டு ஊர்களும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இருக்கின்றன. ஹாம் வானொலி உரிமம் எடுத்த ஒருவர் தன் வளவுக்குள் கம்பி கட்டி இந்த இரண்டு ஊர்க்காரரோடும் கதைக்க ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வழிகாட்டி நூலைப் புரட்டுவார். நடுவில் கேபிள் பொருத்திய நேர்க்கம்பி, அதாவது டைபோல், தன் நீளத்துக்குக் குறுக்காகத்தான் அலையை வீசும். நுனிகள் பார்க்கும் திசையில் வீசாது என்று அதில் இருக்கும். அப்படியென்றால் கம்பியைக் கிழக்கு மேற்காகக் கட்டவேண்டும் என்று முடிவெடுப்பார். அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ இருப்பவருக்கு அந்த நூல் போதும். நெல்லியடியில் அதற்கு நேர்மாறாக, நுனிகள் கொழும்பையும் சென்னையையும் பார்க்கும்படி கட்டுவதுதான் சரி. காரணம் நம் தலைக்கு மேலே நூறு கிலோமீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே போவதற்கு முன் நிலத்தில் பார்க்கவேண்டிய கணக்குகள் சில உள்ளன.

ஹாம்காரர்கள் தாழ்ந்த பட்டைகள் என்று சொல்வது 1.8, 3.5, 7 மெகாஹேர்ட்ஸ் பகுதிகளை. அலைநீளத்தை வைத்து 160 மீற்றர், 80 மீற்றர், 40 மீற்றர் என்றும் அழைப்பார்கள். டைபோலின் நீளம் அலைநீளத்தில் பாதி. 143ஐ மெகாஹேர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் கம்பியின் நீளம் மீற்றரில் வந்துவிடும். 7.1க்கு 20 மீற்றர், 3.6க்கு 40 மீற்றர், 1.83க்கு 78 மீற்றர். யாழ்ப்பாணத்தில் காணியைப் பரப்பில் அளக்கிறோம். ஒரு பரப்பு 10 பேர்ச்சஸ், அதாவது 253 சதுர மீற்றர். நாலு பரப்புக் காணி சரிசதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 32 மீற்றர், மூலைக்கு மூலை 45 மீற்றர். 80 மீற்றர் பட்டைக் கம்பி அதற்குள் அடங்கும். ஆனால் சரிசதுரக் காணியை எங்கே காண்பது? சீதனத்துக்கும் பங்குக்குமாகப் பிரித்துப் பிரித்து, ஒழுங்கையைத் தொட்டபடி ஒடுங்கி நீண்டு கிடப்பவைதான் அதிகம். அதனால் குறையில்லை. கம்பியில் மின்னோட்டம் நடுப்பகுதியில்தான் பலமாக ஓடுகிறது, அலையை எழுப்புவதும் அந்தப் பகுதிதான். நுனியை நோக்கிப் போகப்போக மின்னோட்டம் குறைந்து மின்னழுத்தம் ஏறுகிறது. ஆகவே இரு பக்கத்திலும் கடைசி நாலைந்து மீற்றரைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டாலும், வேலியோரமாக மடித்துவிட்டாலும் இழப்பது கொஞ்சம்தான். தொங்கும் நுனி பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் இருக்கவேண்டும். 100 வாற்று அனுப்பும்போது அங்கே பல நூறு வோல்ற் நிற்கும்.

வடமராட்சிக்கு இந்தக் கம்பி வேலை புதிதல்ல. மரப்பெட்டி வானொலிகளின் காலத்தில் கூரையிலிருந்து முற்றத்து மரத்துக்கு ஏரியல் கம்பி இழுத்து, கிணற்றடி ஈரத்தில் ஏர்த்துக் கம்பி புதைத்துத்தான் இலங்கை வானொலியும் இந்திய நிலையங்களும் கேட்டார்கள். 1990க்குப் பிறகு, போர்க்காலத்தில், குடாநாட்டில் மின்சாரம் நின்றது. வானொலிப் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் சேர்ந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் பிபிசி தமிழோசையும் மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸும் ஒலித்தன. அலை இரவில் ஏன் தெளிகிறது, பகலில் ஏன் மங்குகிறது, ஏரியலை எந்தப் பக்கம் இழுத்தால் இரைச்சல் குறைகிறது என்பதெல்லாம் அந்தத் தலைமுறைக்குப் பாடப்புத்தகம் இல்லாமலே தெரிந்தவை. கேட்பதற்கும் அனுப்புவதற்கும் கம்பியின் பௌதிகம் ஒன்றுதான். அனுப்பும்போது அதன் பிழைகள் கூடுதலாக வெளியே தெரியும், அவ்வளவே.

நிலத்திலிருந்து 60 முதல் 90 கிலோமீற்றர் வரை, சூரிய ஒளி காற்று மூலக்கூறுகளிலிருந்து இலத்திரன்களைப் பிரித்து வைத்திருக்கும் ஒரு படை இருக்கிறது. அதற்கு டி படை என்று பெயர். காற்று அடர்த்தியான உயரம் அது. வானொலி அலை அந்த இலத்திரன்களை ஆட்டும்; ஆடும் இலத்திரன் அடுத்த கணமே ஒரு மூலக்கூறில் மோதி, வாங்கிய சக்தியை வெப்பமாக விட்டுவிடும். அதிர்வெண் குறையக் குறைய இந்த விழுங்கல் வேகமாகக் கூடுகிறது. பாதி அதிர்வெண்ணுக்கு ஏறக்குறைய நாலு மடங்கு. நடுப்பகலில் 3.6 சோர்ந்து கிடப்பதும், 1.8 செத்தே கிடப்பதும் இதனால்தான். பொழுதுபட்டதும் டி படை கரைந்துவிடும். அதற்கு மேலே, 250 முதல் 400 கிலோமீற்றர் வரை இருக்கும் எஃப் படையில் காற்று மெல்லியது, மோதல் குறைவு. அங்கே இலத்திரன்கள் இரவிலும் தங்கி, அலையைத் திருப்பி நிலத்துக்கு அனுப்பும்.

300 கிலோமீற்றர் உயரத்தில் திரும்பி 320 கிலோமீற்றர் தள்ளியுள்ள கொழும்பில் இறங்கவேண்டுமென்றால், அலை நெல்லியடியிலிருந்து எந்தக் கோணத்தில் ஏறவேண்டும்? ஏறக்குறைய 62 பாகை. அநேகமாகத் தலையை அண்ணாந்து பார்க்கும் கோணம். அடிவானத்தை நோக்கிப் போகும் அலை கொழும்புக்கு மேலால் பாய்ந்து ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால்தான் இறங்கும். நிலத்தை ஒட்டி ஊர்ந்து போகும் அலையோ கொழும்புக்கு வெகுமுன்னரே ஓய்ந்துவிடும். ஆகவே கொழும்புக்கும் சென்னைக்கும் வேண்டியது வானத்தைப் பார்த்து வீசும் அன்ரெனா. டைபோலைக் கால் அலைநீளத்துக்குக் குறைந்த உயரத்தில் கட்டினால் அது அப்படித்தான் வீசும். 80 மீற்றர் பட்டைக்குக் கால் அலைநீளம் 20 மீற்றர். 10, 12 மீற்றர் உயரத்தில் கட்டிய கம்பி போதும், அதுவே உகந்ததும்கூட. உயரமான கோபுரம் இல்லையே என்று ஏங்குகிற புதிய ஹாம்காரருக்கு இதை நம்பவைப்பது கஷ்டம்.

தலைக்கு மேலே எறிந்து பக்கத்து மாவட்டத்தில் இறக்கும் இந்த வித்தையின் பெறுமதி 2004 டிசெம்பர் 26இல் தெரிந்தது. சுனாமியில் தொலைபேசித் தொடர்புகள் அறுந்த தென்கரையிலிருந்து கொழும்புக்குச் செய்தி கொண்டுவர, விக்டர் குணதிலக்க உள்ளிட்ட இலங்கை வானொலிச் சங்கத்து ஹாம்காரர்கள் சிற்றலைக் கருவிகளோடு இறங்கினார்கள். அந்தமானில் போர்ட் பிளேயரிலிருந்து உலகோடு பேசும் பொழுதுபோக்கு முயற்சிக்காக அந்த மாதம் வந்திருந்த பாரதி பிரசாத்தின் குழு, அலை அடித்த நாளிலேயே அவசரச் செய்தி நிலையமாக மாறியது. மணற்காடு உட்பட வடமராட்சிக் கிழக்குக் கரையும் அன்று அடிபட்டது. இப்படியான நாட்களில் கோபுரங்களையோ செய்மதியையோ நம்பாமல், ஒரு கார் பற்றரியும் 40 மீற்றர் கம்பியும் வைத்துக்கொண்டு 300 கிலோமீற்றர் பேச முடிவது சின்ன விஷயமல்ல.

உயரத்துக்கு நமக்குப் பனை இருக்கிறது. வளர்ந்த பனை 20 மீற்றருக்குக் குறையாது. கிளை இல்லை, நேரானது, சோளகத்துக்கும் வாடைக்கும் ஈடுகொடுத்துப் பழகியது. இரும்புக் குழாய்க் கம்பம் நட்டு, நாலு பக்கமும் இழுகயிறு கட்டிச் செலவழிப்பதை விட, சீவல் தொழில் தெரிந்த ஒருவரைக் கேட்டு ஒரு கப்பியை மேலே கட்டுவிப்பது மலிவு, உறுதியும்கூட. கப்பியை வட்டுக்குள் கட்டக் கூடாது. காவோலை விழும்போது கம்பியையும் இழுத்துக்கொண்டு வரும். வட்டுக்கு ஒன்றிரண்டு மீற்றர் கீழே, மரத்திலிருந்து சற்றுத் தள்ளி நிற்கும்படி கட்டவேண்டும். கப்பியில் ஓடும் நைலோன் கயிற்றின் ஒரு முனை கம்பிக்கு. மறுமுனையை மரத்தடியில் இறுக்கிக் கட்டாமல் ஒரு சீமெந்துக் கல்லைத் தொங்கவிட்டால், இரண்டு பனையும் காற்றில் வெவ்வேறு திசைக்கு ஆடும்போது கல் ஏறி இறங்கும், கம்பி அறாது. மாமரம், வேம்பு போன்றவற்றுக்கு ஆள் ஏறத் தேவையில்லை. கெற்றப்போலில் ஈயக்குண்டு வைத்துத் தங்கூசியைக் கிளைக்கு மேலால் அடித்து, அதன் பின்னால் தடித்த கயிற்றை இழுத்துவிடலாம். மீன்பிடிக் கடைகள் நிறைந்த வடமராட்சியில் தங்கூசிக்கா பஞ்சம்?

இனித் திசைக்கு வருவோம். 1963 நவம்பர் 21இல் கேரளத்துத் தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ஆய்வு ரொக்கெற் கிளம்பியது. அந்த மீனவக் கிராமத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் பூமியின் காந்த நடுக்கோடு அதன் அருகே போவது. அந்தக் கோட்டில் காந்தப்புலம் சரியாகக் கிடையாக, வடக்குத் தெற்காகக் கிடக்கும். நெல்லியடி அதிலிருந்து அதிகம் தள்ளி இல்லை. இங்கும் புலம் கிடைக்கு மிகக் கிட்டவே இருக்கிறது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நிலைமை வேறு. அங்கே புலம் செங்குத்தை நெருங்கி நிலத்துக்குள் இறங்குகிறது.

இதற்கும் கம்பிக்கும் என்ன தொடர்பு? அலையின் மின்புலம் இலத்திரனை ஆட்டும் திசை பூமியின் காந்தப்புலத்தோடு ஒத்துப்போனால், அதாவது வடக்குத் தெற்காக இருந்தால், காந்தப்புலம் அந்த இலத்திரனைத் தொந்தரவு செய்யாது. காந்தமே இல்லாதது போல அலை போகும். இதைச் சாதாரண அலை என்பார்கள். ஆட்டும் திசை குறுக்காக, கிழக்கு மேற்காகவோ மேல் கீழாகவோ இருந்தால், ஓடும் இலத்திரனைக் காந்தப்புலம் வளைத்துச் சுழல வைக்கும். அந்தச் சுழற்சிக்கு அதற்கென்று ஓர் அதிர்வெண் இருக்கிறது. நம் பகுதியில் அது ஏறக்குறைய 1.1 மெகாஹேர்ட்ஸ். ஊஞ்சலை அதன் தாளத்தை ஒட்டித் தள்ளினால் வீச்சு பெருகுவது போல, 1.1ஐ நெருங்கும் அலை இலத்திரனைப் பெரிதாகச் சுழற்றி, டி படையின் மூலக்கூறுகளில் மோதவிட்டுத் தன் சக்தியை இழந்துவிடும். இதற்கு அசாதாரண அலை என்று பெயர்.

டெசிபல் கணக்கில் சொன்னால், புலத்துக்குச் செங்குத்தாகப் போகும் பாதையில் அசாதாரண அலையின் விழுங்கல், 1.8இல் சாதாரண அலையினதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். 3.6இல் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். 7இல் வித்தியாசம் அநேகமாக இல்லை. இப்போது தலைக்கு மேலே நேராக வீசும் டைபோலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மின்புலம் கம்பியின் திசையிலேயே இருக்கும். கம்பி வடக்குத் தெற்காக இருந்தால் முழுச் சக்தியும் சாதாரண அலையாகப் போகிறது. கிழக்கு மேற்காக இருந்தால் முழுவதும் அசாதாரண அலையாகப் போகிறது. நடுக்கோட்டை விட்டு விலகிய நாடுகளில் கம்பி எந்தப் பக்கம் இருந்தாலும் சக்தி இரண்டுக்கும் பாதி பாதியாகப் பிரியும். அதனால்தான் அங்கே எழுதிய நூல்கள் இதைப் பற்றிப் பேசுவதில்லை. 1960களில் அமெரிக்க இராணுவத்துக்காகத் தாய்லாந்தின் காடுகளில் குறுந்தூரச் சிற்றலைத் தொடர்பை அளந்த ஸ்ரான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தின் குழு வடக்குத் தெற்கு டைபோல்களே மேலானவை என்று கண்டது. வியட்நாம் யுத்தத்தின் துணைவிளைவு அது.

அப்படியென்றால் கொழும்பும் சென்னையும் நுனிப்பக்கமாக விழுகின்றனவே? 62 பாகையில் ஏறும் அலைக்கு அது பொருட்டல்ல. நுனித்திசையில் அடிவானத்தை ஒட்டித்தான் டைபோல் குருடு. அந்த உயர்ந்த கோணத்தில் குறைவது ஒரு டெசிபல் சொச்சம். விழுங்கலில் மிச்சம் பிடிப்பது பல நேரங்களில் அதைவிட அதிகம். கட்டும்போது உண்மையான வடக்கைத் தேடி மினக்கெடவும் வேண்டாம். திசைகாட்டி காட்டும் வடக்கு காந்த வடக்கு, நமக்கு வேண்டியதும் அதுதான். ஒழுங்கை கொஞ்சம் சரிந்து போகிறது, பனைகள் 20 பாகை விலகி நிற்கின்றன என்றால் கவலையில்லை. இழப்பு கையால் அளக்க முடியாத அளவு.

ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விடக்கூடாது. விடியப்புறம் எஃப் படை மிகவும் மெலிந்திருக்கும். நேர்மேலே போகும் அலையைத் திருப்பும் வலிமை 3.6க்குக் கீழே இறங்கிவிடும் நாட்களும் உண்டு. அப்போது சாதாரண அலை படையைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும். அசாதாரண அலை அரை மெகாஹேர்ட்ஸ் அளவு கூடுதலாகத் தாக்குப்பிடித்துத் திரும்பும். அந்த ஒரு மணிநேரத்துக்குக் கிழக்கு மேற்குக் கம்பிக்காரர் கேட்பார், மற்றவர் கேட்கமாட்டார். டி படையும் அந்நேரம் இல்லாததால் விழுங்கல் பயமும் இல்லை. இரண்டு கம்பிக்கும் இடம் உள்ளவர் பாக்கியவான்.

தூரம் போக ஆசைப்பட்டால் கதை மாறும். நெல்லியடியில் யாரைக் கேட்டாலும் ரொறன்ரோவில் ஒரு சொந்தம் இருக்கும். பூமி உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழியில் அது ஏறக்குறைய 13,700 கிலோமீற்றர். தட்டையான உலகப் படத்தில் மேற்கே ஐரோப்பாவையும் அத்திலாந்திக்கையும் தாண்டிப் போவது போலத் தோன்றினாலும், அந்த வழி நெல்லியடியிலிருந்து அநேகமாக நேர்வடக்கே, 18 பாகை மட்டும் மேற்கே சரிந்து, ஆர்க்டிக் வழியாகப் போகிறது. இதற்கு அடிவானத்தை ஒட்டி வீசும் அன்ரெனா வேண்டும். 80 மீற்றர் பட்டை டைபோலை அப்படி வீசவைக்க 40 மீற்றர் உயரம் தேவை. 160க்கு 80 மீற்றர். அந்த உயரத்துக்கு எந்தப் பனையும் வராது. செங்குத்துக் கம்பிதான் வழி.

செங்குத்துக் கம்பி நெல்லியடியில் கிழக்கே பாங்கொக்குக்கும் மேற்கே ஆபிரிக்கக் கரைக்கும் 1.8இல் சரிவராது. மேல் கீழாக ஆட்டும் மின்புலம், புலத்துக்குக் குறுக்காகப் போகும் பாதை. முழுவதும் அசாதாரண அலை. நல்ல வேளையாக ரொறன்ரோ பாதை காந்தப்புலத்தை ஒட்டி வடக்கே போவதால் அந்தத் தண்டனை இல்லை. வடமேற்கே 8,500 கிலோமீற்றரில் இருக்கும் லண்டன் இரண்டுக்கும் நடுவே.

வளவில் சாத்தியமான செங்குத்து வடிவம், தலைகீழாய்த் திருப்பிய ஆங்கில எல் எழுத்தைப் போன்றது. ஒரு பனையில் 20 மீற்றர் ஏறி, அங்கிருந்து கிடையாக 19 மீற்றர் அடுத்த பனைக்கு. மொத்தம் 39 மீற்றர், 1.83க்குக் கால் அலை. செங்குத்தாக நிற்கும் பகுதிதான் தூரத்துக்கு வீசும். மேலே கிடக்கும் பகுதி, மின்னோட்டம் உச்சிவரை பலமாக ஓட இடம் கொடுக்கிறது. ஏறு கம்பியை மரத்தோடு ஒட்டவிடக்கூடாது, ஈர மரம் சக்தியைக் குடிக்கும். ஒரு மீற்றராவது தள்ளி நிற்கட்டும்.

இந்தக் கம்பியின் மறுபாதி நிலம். அனுப்பியிலிருந்து கம்பிக்குள் போகும் மின்னோட்டம் அவ்வளவும் நிலம் வழியாகத் திரும்பிவரவேண்டும். அலையாக வெளியேறும் சக்தியைக் குறிக்கும் கதிர்வீச்சுத் தடை, 20 மீற்றர் ஏறும் அந்த வடிவத்துக்கு ஏறக்குறைய 20 ஓம். நிலத்தின் இழப்பு 15 ஓம் என்றால் அனுப்பும் 100 வாற்றில் 57 வாற்று அலையாகும், மிச்சம் மண்ணைச் சூடாக்கும். பனை இல்லாமல் 12 மீற்றர் குழாயை மட்டும் நிறுத்தி அடியில் சுருள் போட்டு ஒத்திசைத்தால் கதிர்வீச்சுத் தடை இரண்டு ஓம்தான். அதே நிலத்தில் 12 வாற்றுக்கூட வெளியே போகாது. யாழ்ப்பாணத்து நிலமோ மேலே மெல்லிய செம்மண், கீழே சுண்ணக்கல். காய்ந்த சுண்ணக்கல் மின்சாரத்தைக் கடத்துவதில் கஞ்சன். அதற்கு மருந்து, கம்பியின் அடியிலிருந்து நாலாபக்கமும் நிலத்தில் செப்புக் கம்பிகளைப் பரப்புவது. 1937இல் ஆர்சிஏ நிறுவனத்தின் பிரவுண், லூயிஸ், எப்ஸ்ரைன் மூவரும் இதை அளந்து வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகுதான் ஒலிபரப்புக் கோபுரங்களுக்கு 120 நிலக்கம்பிகள் என்பது வழக்கமானது. வீட்டுக்கு 120 வேண்டாம். முதல் 16 கம்பிகளில் கிடைக்கும் ஆதாயம் பெரியது, 30, 40க்குப் பிறகு கூட்டுவதில் பிரயோசனம் குறைவு. வெங்காயமோ புகையிலையோ நடும் காணியில் மண்வெட்டிக்கு எட்டாமல் வரம்போரமாகவும் வேலியோரமாகவும் ஓட்டவேண்டும். நேர்கோட்டில் போகவேண்டும் என்று சட்டமில்லை.

நிலத்தைப் பற்றிப் பேசும்போது வல்லை வெளி நினைவுக்கு வராமல் இருக்காது. யாழ்ப்பாணத்திலிருந்து நெல்லியடிக்கு வரும் வழியில், தொண்டைமானாற்றுக் கடல்நீரேரியைத் தாண்டும் அந்தத் திறந்த உவர்நிலத்தில் பயிர் எதுவும் நடமுடியாது. வானொலிக் கண்ணால் பார்த்தால் குடாநாட்டின் மிக உயர்ந்த காணி அதுதான். கடல்நீர் சாதாரண மண்ணைப் போல ஆயிரம் மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். அதன் ஓரத்தில் நிற்கும் செங்குத்துக் கம்பி நிலத்தில் இழப்பது மிகக் குறைவு, அடிவானக் கோணத்திலும் வலிமையாக வீசும். தீவுகளுக்குப் படையெடுக்கும் ஹாம் குழுக்கள் அலை நனைக்கும் கரையிலேயே அன்ரெனாவை நடுவது இதற்காகத்தான். உரிமத்தோடு, ஒரு மாலையில் காரில் கருவியைக் கொண்டுபோய், 12 மீற்றர் தூண்டில் தடியில் கம்பி சுற்றி அங்கே நிறுத்திப் பார்ப்பவருக்கு வீட்டு வளவுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் முதல் அழைப்பிலேயே தெரியும்.

கருவியையும் அன்ரெனாவையும் இணைக்கும் கேபிளைப் பற்றித்தான் புதியவர்கள் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள். இழப்பு அதிர்வெண்ணோடு ஏறும் சாமான் அது. தொலைக்காட்சி அதிர்வெண்ணில் பயமுறுத்தும் மெல்லிய ஆர்ஜி-58 கேபிள், 3.6இல் 30 மீற்றருக்கு 0.8 டெசிபல் அளவுதான் தின்னும். 100 வாற்று போட்டால் 83 வாற்று மேலே போய்ச் சேரும். கேட்பவரின் காதில் அந்த வித்தியாசம் விழாது. எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் தொலைக்காட்சிக் கேபிளான ஆர்ஜி-6 75 ஓம் என்று ஒதுக்கவேண்டியதில்லை. 50க்கும் 75க்கும் உள்ள பொருத்தமின்மை ஒன்றரைக்கு ஒன்று, எந்தக் கருவியும் தாங்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: அதன் நடுக்கம்பி பெரும்பாலும் செப்புப் பூசிய உருக்கு. மின்னோட்டம் கம்பியின் மேல்தோலில்தான் ஓடும். அதிர்வெண் குறையக் குறைய அந்தத் தோல் தடிக்கும். 1.8இல் அது செப்புப் பூச்சைத் தாண்டி உருக்குக்குள் இறங்கிவிடும். அப்போது இழப்புக் கூடும். 160 மீற்றருக்கு முழுச் செப்பு நடுக்கம்பி உள்ளதாகப் பார்த்து வாங்கவேண்டும்.

ஒரே கம்பியில் பல பட்டைகளில் வேலை செய்ய ஆசையென்றால் கேபிளை விட்டுவிட்டு ஏணிக்கம்பிக்குப் போவது உத்தமம். இரண்டு செப்புக் கம்பிகளை 10, 15 சென்ரிமீற்றர் இடைவெளியில் பிவிசி குழாய்த் துண்டுகளால் பிரித்து வைத்தால் அதுதான் ஏணிக்கம்பி. பொருத்தம் எவ்வளவு கெட்டிருந்தாலும் அதில் இழப்பு சொற்பம். அறைக்குள் ஒரு ரியூனரை வைத்து எல்லாவற்றையும் சரிக்கட்டலாம். இங்கிலாந்தின் லூயிஸ் வார்னி 1946இல் இந்த வழியில் வடிவமைத்த 31 மீற்றர் அன்ரெனா, அவருடைய அழைப்புக் குறியான ஜி5ஆர்வி என்ற பெயரிலேயே இன்றும் உலகமெங்கும் தொங்குகிறது. ஏணிக்கம்பியைத் தகரக் கூரையிலும் யன்னல் கம்பியிலும் உரசவிடக்கூடாது, நிலத்தில் கிடத்தவும் கூடாது. கேபிளுக்கு இந்தக் கூச்சம் இல்லை. அதன் நோய் வேறு: வெளிப்பின்னலின் மேற்பரப்பு தானும் ஓர் அன்ரெனாவாகி, வீட்டு இரைச்சலையெல்லாம் பொறுக்கிக் கருவிக்குள் கொண்டுவரும். டைபோலின் நடுவில் கேபிளை ஃபெரைற் வளையத்தில் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றிச் சோக் போடுவது அதற்குத்தான். செலவை மிச்சம்பிடிக்கிறேன் என்று இதை விட்டுவிடுகிறவர்கள் பிறகு கருவியைத் திட்டுவார்கள்.

இரைச்சல் உண்மையில் பெரிய எதிரி. தாழ்ந்த பட்டைகளில் நம்மை மற்றவர் கேட்பதைவிட நாம் மற்றவரைக் கேட்பதுதான் கஷ்டம். சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் வெப்பமண்டலத்து இடிமின்னல் எங்கே அடித்தாலும் 1.8இல் சடசடக்கும். அது போகட்டும், இயற்கை. எல்இடி விளக்கு, கைபேசிச் சார்ஜர், கூரைச் சூரிய மின்தகட்டின் இன்வேற்றர் ஆகியவை எழுப்பும் இரைச்சல் நாள்முழுதும் நிற்கும். கருவியைப் பற்றரியில் ஓடவிட்டு, வீட்டு மின்சாரத்தின் பிரதான ஆளியை அணைத்துக் கேட்டால் எவ்வளவு நம் வீட்டுச் சரக்கு, எவ்வளவு அயலவருடையது என்று தெளிவாகிவிடும். அனுப்பக் கம்பி ஒன்று, கேட்க வேறொன்று என்று வைப்பது இங்கே நல்ல வழக்கம். ஒரு மீற்றர் விட்டமுள்ள சிறிய செப்பு வளையத்தைக் காணியின் கடைசி மூலையில் நட்டுத் திருப்பினால், இரைச்சல் வரும் திசையை அது வெட்டிவிடும்.

உப்புக்காற்றும் இடியும் மிச்சம். இணைப்புகளில் சொல்டர் போட்டு, தானே ஒட்டும் இறப்பர் நாடாவைச் சுற்றாவிட்டால், ஒரே வாடைக்குள் செம்பு பச்சையாகிவிடும். கேபிளின் பின்னலுக்குள் தண்ணீர் ஏறினால் அது பிறகு கேபிள் அல்ல. இடிமேகம் கறுக்கும்போது கேபிளைக் கழற்றி யன்னலுக்கு வெளியே எறியவேண்டும். ஏர்த்துக் கம்பி அடிக்க இரண்டடிக்குக் கீழே சுண்ணக்கல் தடுத்தால், ஒரே நீளக் கம்பிக்குப் பதிலாகப் பல குட்டையானவற்றை இடைவெளி விட்டு அடித்து ஒன்றாக இணைப்பது வழி. பனையில் இடி விழுந்ததைக் காணாத வடமராட்சியார் இருக்கமாட்டார்கள். அதே பனையில்தான் நம் கம்பி இருக்கிறது.

இவ்வளவுக்கும் முன்னால் உரிமம். இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சை எழுதி 4எஸ் என்று தொடங்கும் அழைப்புக் குறி வாங்காமல் அனுப்பியின் பொத்தானைத் தொடக்கூடாது. கருவியை வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கவும் அனுமதி வேண்டும். ஒரு வோக்கிரோக்கி வீட்டில் இருந்தாலே உயிருக்கு உலையாக இருந்த காலத்தைப் பார்த்த ஊர் இது. அயலவருக்குக் கடதாசியைக் காட்டி, இன்னது செய்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கம்பி ஏற்றுவது மரியாதையும் புத்தியும். கேட்பதற்கு மட்டும் கம்பி கட்டத் தொடங்கினால் பரீட்சைக்குள் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

பனையும் இல்லாதவருக்கு ஒரு வழி இருக்கிறது. 1901 டிசெம்பர் 12இல் மார்க்கோனி நியூஃபவுண்ட்லாந்தில் அத்திலாந்திக்குக்கு அப்பாலிருந்து வந்த சைகையைக் கேட்டது பட்டத்தில் ஏற்றிய கம்பியில்தான். நெல்லியடியிலிருந்து வல்வெட்டித்துறை சில கிலோமீற்றர். தைப்பொங்கலுக்கு அங்கே ஏறும் பட்டங்களை நாடறியும். வாடைக்காற்றில் விண் பூட்டிய பட்டத்தை ஏற்றி இரவிரவாகக் கட்டிவிடும் பழக்கமும் நமக்குண்டு. தை மாதத்தில் ரொறன்ரோவில் பொழுதுபடும்போது நெல்லியடியில் அதிகாலை மூன்றரை. இங்கே விடிவது ஆறரை. ஆர்க்டிக்கில் அப்போது முழுநாளும் இருட்டு. அந்த மூன்று மணிநேரம் 13,700 கிலோமீற்றர் பாதை முழுவதும் இரவுக்குள் கிடக்கும், விழுங்க டி படை இராது. பட்டத்திலிருந்து நேராகத் தொங்கும் 39 மீற்றர் மெல்லிய செப்புக் கம்பி 1.83க்கு மடக்கத் தேவையில்லாத முழுக் கால் அலை. மின்சாரசபைக் கம்பி கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இல்லாத வெளியில்தான் இதைச் செய்யவேண்டும். உலர்ந்த காற்று உரசிச் சேர்க்கும் மின்னேற்றம் வடிய, கம்பியின் அடியிலிருந்து நிலத்துக்கு ஒரு பெரிய தடையியை முதலே இணைத்துவிட வேண்டும். காற்று விழுந்தால் கம்பியை எங்கே இறக்குவது என்பதையும் ஏற்றுவதற்கு முன்பே பார்த்துவைக்க வேண்டும்.